பதினாலு தடவை

புளியரை வளைவுக்குக் கீழே என் பட்டறை.
வரி இந்தப் பக்கம், மழை மட்டும் அந்தப் பக்கத்தது.
வைக்கோல் லாரிகள் முதல் கியரில் முனகி
கோட்டைவாசல் ஏறுகிற நேரம்
வெள்ளை வண்டி ஒன்று நொண்டிக்கொண்டு வந்தது,
நாற்பதுக்கு மேல் போகமாட்டேனென்று.

இறங்கியவர் ரெஜிமோன். மடிப்புக் கலையாத சட்டை,
கழுத்தில் அலுவலக அட்டை.
கூட அவர் மனைவி, லின்சி.
கொல்லத்தில் ஒன்றேகால் லட்சம் சொன்னார்களாம்
ஃபில்டரையே மாற்ற.

அவசரப்படக் கூடாது.
சாவியை மட்டும் திருப்பி, எஞ்சினை எழுப்பாமல்
அழுத்த வித்தியாசம் பார்த்தேன்: பூஜ்யம்.
அப்படியானால் சென்சார் பொய் சொல்லவில்லை.
ஹோஸை வளைத்துப் பார்த்தேன், கீறல் இல்லை.
ஸ்டார்ட் செய்தால் நாலு.
மாடக்கண்ணு மிதித்துப் பிடிக்க
இருபத்திரண்டுக்குத் தாவியது.
மூக்கைப் பொத்திக்கொண்டு மலையேறுகிற வண்டி.

ஆயில் குச்சியை உருவினேன்.
மேல் கோட்டையும் தாண்டி நின்றது எண்ணெய்.
விரலில் தேய்த்து முகர்ந்தால் டீசல்.
எரிக்கப் பீய்ச்சியது எரியாமல்
கீழே இறங்கியிருக்கிறது, பல நாளாக.

பிறகு திரை.
கரி: எழுபத்தெட்டு சதவீதம்.
முழுதாய் எரித்து முடித்தது: எண்ணூற்று எழுபது கிலோமீட்டர் முன்பு.
அதன்பின் முயன்றது: பதினாலு தடவை.
பாதியில் அணைக்கப்பட்டது: பதினாலு தடவை.
சராசரி வேகம்: ஒன்பது.

ஒன்பது.
ஏ.சி. போட்டு
எங்கேயோ மரத்தடியில் நிற்கிற வண்டிக்குத்தான்
ஒன்பது வரும்.

"எதனால அடைச்சுது?" என்று கேட்டார் லின்சி.
"நீள ஓட்டம் இல்லாட்டி இப்படி..."
"தெனமும் புனலூர் ஆபீஸ் போயிட்டு வர்ற வண்டியாக்கும் இது."

ரெஜிமோன் சுவரில் மாட்டியிருந்த
டயர் கம்பெனி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அது போன வருடத்துக் காலண்டர்.

திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.
இருபத்தாறு வருஷத் தொழிலில்
ஸ்பானர் கைநழுவியிருக்கிறது,
நாக்கு நழுவியது அன்றைக்குத்தான்:
"ஹோஸ் பழசும்மா. அதான்."

சாரை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
தென்காசி ரோடு, மூன்றாம் கியர்,
ஊசி இரண்டாயிரத்தைந்நூறு, விடாமல்.
மடியில் கருவி.
எழுபத்தொன்று. அறுபத்திரண்டு.
அடியில் அறுநூறு டிகிரி,
உள்ளே சுடு இரும்பு வாசம்,
வெளியே நாற்றங்கால் நனைந்துகொண்டிருந்தது.
நாற்பதில் ஒரு லெவல் கிராசிங் பூட்டியிருந்தது.
"ஆஃப் பண்ணிராதீங்க," என்றேன்.
சாவிக்குப் போன கை திரும்பி வந்தது.

அங்கே நின்றபோதுதான் சொன்னார்,
கேட்டைப் பார்த்தே:
"மூணு மாசமாச்சு."
"பாதியில அணைக்காம இருந்தா
தானா எரிஞ்சிரும் சார்,
கரிதானே. சாம்பல்னா முடியாது."
வண்டியைப் பற்றித்தான் சொன்னேன்.
ரயில் போயிற்று.
பதினொன்றில் முடிந்தது என்றது திரை.

திரும்பி வந்தபோது மாடக்கண்ணு வாங்கித்தந்த டீ
லின்சி கையில் ஆறிக்கிடந்தது.
ரெஜிமோன் கழுவுகிற தொட்டிக்குப் போனதும்
பைக்குள்ளிருந்து பணத்தை எடுத்தார்.
ஆயில், ஆயில் ஃபில்டர், கூலி.
எழுதிக்கொண்டிருந்த பேனாவுக்குக் கீழே
விரல் வைத்து,

"சர்வீஸ் ஸ்டிக்கர்ல கிலோமீட்டர் போட்டிருக்கும் அண்ணா.
அதை வச்சு நான் தெனமும் கூட்டிப் பார்ப்பேன்.
கணக்கு டீச்சராக்கும்."

பேனா நின்றது.

"ஹோஸுன்னே எழுதுங்க."

எழுதினேன்.
ஹோஸ், ஒன்று. விலைக் கட்டத்தில் ஒரு கோடு.
வெள்ளை வண்டி வளைவில் ஏறிற்று,
இப்போது புகையில்லாமல்,
ஒரு வைக்கோல் லாரியை முந்திக்கொண்டு.
ஓட்டியது அவர்தான்.